பென்டாடோனிக் வடிவங்களைப் பழகி இணைப்பது எப்படி? கிட்டார் வாசிப்போருக்கு முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கோயில் பாடகர் குழுக்களில் கிட்டார் வாசிக்கிற தம்பி தங்கைகள் பலர் கார்டு நன்றாகவே பிடிக்கிறார்கள். தாளம் தவறுவதில்லை. ஆனால், "சரணத்துக்கு முன்னால சின்னதா ஒரு பிட் வாசிங்க" என்று கேட்டால் கை ஐந்தாவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் உலோகக் குறுக்குப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்தான் ஃபிரெட்) போய் அங்கேயே நின்றுவிடுகிறது. ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கிவிட்டு மறுபடி கார்டுக்கு வந்துவிடுவார்கள். பென்டாடோனிக் என்னும் ஐந்து சுர வரிசையைக் கிட்டாரின் கழுத்தில் ஐந்து வடிவங்களாகப் பிரித்துப் பழகுவது வழக்கம்; அவர்கள் வாசிப்பது அதில் ஒன்றைத்தான். மற்ற நான்கு வடிவங்கள் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. படம் பார்த்து மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிதான் கையில் இருக்காது.

வடிவங்களைக் கண்ணால் மட்டும் கற்றதுதான் இதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. விரல் எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். அங்கே ஆதார சுரமான "ச" எது என்று காதுக்குத் தெரியாது. ச தெரியாத இடத்துக்குப் போனால் பாட்டு கையைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் கை பழகிய பெட்டிக்குள்ளேயே, அதாவது பழகிய ஒரே வடிவத்துக்குள்ளேயே, சுற்றும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போவோம்: ச எங்கே?

இதற்கு நேரம் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். தொழிலுக்குப் போகிறவர்களுக்கு வலை பழுது பார்ப்பது, படகுக்கு வண்ணம் அடிப்பது போக மாலையில் கொஞ்சம் நேரம் மிஞ்சும் காலம் அது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அப்போதுதான் விடுமுறை. தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் இந்த வழிகாட்டியில் உள்ளதை அந்த எட்டு வாரத்துக்குள் கைக்குக் கொண்டுவரலாம்.

முதலில் கம்பியைக் கவனியுங்கள்

வடிவங்களை இணைப்பதற்கு நாம் அதிகம் பயன்படுத்தப்போவது சறுக்கல், அதாவது ஸ்லைடு. துருப்பிடித்த கம்பியில் விரல் சறுக்காது. பிடித்துப் பிடித்துப் போகும், விரல் நுனியையும் அறுக்கும். நம் பக்கத்து உப்புக் காற்றில் ஒன்றாம், இரண்டாம் கம்பிகள்தான் (மிக மெல்லியது ஒன்றாம் கம்பி, மிகத் தடித்தது ஆறாம் கம்பி) முதலில் கறுக்கும், ஏனென்றால் அவை மேலே சுற்று இல்லாத வெறும் எஃகு. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியிலும் துடையுங்கள். சுவரில் ஆணியடித்து மாட்டாமல் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் அந்தப் பைக்குள் போட்டுவையுங்கள்.

கடலுக்குப் போய் வந்த கையோடு உடனே கிட்டாரை எடுக்க வேண்டாம். தண்ணீரில் ஊறிய விரல் நுனி மெத்தென்று இருக்கும், கம்பி எளிதில் வெட்டிவிடும். கை நன்றாகக் காய்ந்த பிறகு உட்காருங்கள். ஒவ்வொரு முறையும் ட்யூனரை வைத்துச் சுருதி சரிபார்த்த பிறகே தொடங்குங்கள். காதுக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டுச் சுருதி விலகிய கருவியில் பழகினால் பயன் இல்லை.

படி 1: ஐந்து சுரங்கள்

எல்லா எடுத்துக்காட்டுக்கும் ஏ மைனர் பென்டாடோனிக்கையே எடுத்துக்கொள்வோம். சுரங்கள் ஏ, சி, டி, இ, ஜி. நம் முறையில் ஏ-யை ச என்று வைத்தால் ச க ம ப நி. அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். ஃபிரெட் கணக்கில் இடைவெளி 3, 2, 2, 3, 2. இதைத் தாண்டிக் கோட்பாடு இப்போதைக்குத் தேவையில்லை.

படி 2: ஒரே கம்பியில் நடப்பது

பெரும்பாலான பாடங்கள் முதல் நாளே பெட்டியைக் காட்டிவிடும். நான் ஒற்றைக் கம்பியில்தான் தொடங்கச் சொல்வேன். ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினாலே ஏ, அதுதான் ச. அதே கம்பியில் 3, 5, 7, 10, 12 என்று ஏறுங்கள். ச க ம ப நி ச. ஆள்காட்டி விரல் ஒன்றையே வைத்துச் சறுக்கிச் சறுக்கிப் போனால் போதும். ஒவ்வொரு சுரத்தையும் வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்பட வேண்டாம், முணுமுணுத்தாலும் சரிதான்.

அப்புறம் ஆறாம் கம்பி: 5, 8, 10, 12. அந்த 5-ஆவது ஃபிரெட் ச. நான்காம் கம்பியில் ச 7-இல் இருக்கிறது, மூன்றாம் கம்பியில் 2-இல், இரண்டாம் கம்பியில் 10-இல், முதல் கம்பியில் மறுபடி 5-இல். இந்த ஆறு இடங்களையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். ஒரு வாரம் இதற்கே போனாலும் போகட்டும். பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

படி 3: ஐந்து வடிவங்கள், 13 ஃபிரெட்டுக்குள்

வழக்கமாக வடிவங்களை 5-ஆவது ஃபிரெட்டில் தொடங்கி 17 வரை ஏற்றிக் காட்டுவார்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் அது சரி. நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது அக்குஸ்டிக். அதில் 14-ஆவது ஃபிரெட் வாக்கில் கழுத்து உடலோடு சேர்ந்துவிடும், அதற்கு மேல் கை போகாது. அதனால் நான்காம், ஐந்தாம் வடிவங்களைக் கீழே இறக்கிவிடுவோம். அப்போது கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து வரிசை இப்படி அமையும். ஒவ்வொன்றிலும் ஆறாம் கம்பி முதல் ஒன்றாம் கம்பி வரை ஃபிரெட் எண்கள், 0 என்றால் திறந்த கம்பி:

நான்காம் வடிவம்: 0-3, 0-3, 0-2, 0-2, 1-3, 0-3. ச இருப்பது ஐந்தாம் கம்பி 0, மூன்றாம் கம்பி 2.

ஐந்தாம் வடிவம்: 3-5, 3-5, 2-5, 2-5, 3-5, 3-5. ச இருப்பது ஆறாம் கம்பி 5, மூன்றாம் கம்பி 2, ஒன்றாம் கம்பி 5.

முதல் வடிவம்: 5-8, 5-7, 5-7, 5-7, 5-8, 5-8. ச இருப்பது ஆறாம் கம்பி 5, நான்காம் கம்பி 7, ஒன்றாம் கம்பி 5.

இரண்டாம் வடிவம்: 8-10, 7-10, 7-10, 7-9, 8-10, 8-10. ச இருப்பது நான்காம் கம்பி 7, இரண்டாம் கம்பி 10.

மூன்றாம் வடிவம்: 10-12, 10-12, 10-12, 9-12, 10-13, 10-12. ச இருப்பது ஐந்தாம் கம்பி 12, இரண்டாம் கம்பி 10.

இந்த எண்களை ஒரு தாளில் உங்கள் கையாலேயே கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். ஒரு விஷயம் தானாகத் தெரியவரும். முதல் வடிவத்தின் மேல்பக்கம் 8, 7, 7, 7, 8, 8. இரண்டாம் வடிவத்தின் கீழ்ப்பக்கமும் அதே 8, 7, 7, 7, 8, 8. ஒரே வரிசையில் கட்டிய வீடுகளுக்குப் பொதுச்சுவர் இருப்பதுபோல, ஒரு வடிவம் முடிகிற இடமேதான் அடுத்தது தொடங்குகிற இடம். எல்லா வடிவங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே ஐந்து வடிவங்களையும் படிக்க மனதில் நிறுத்த வேண்டியவை ஐந்து வரிசைகள்தான், பத்து இல்லை.

இப்போது முக்கியமான ஒரு விதி. எந்த வடிவத்தையும், அதன் மிகக் கீழான சுரம் ச-வாக இல்லாவிட்டால், அந்தச் சுரத்திலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாம் வடிவத்தை ஆறாம் கம்பி 8-இல் தொடங்கினால் காது சி-யை ச என்று எடுத்துக்கொள்ளும். ஏ மைனர் போய் வேறு ராகம் கேட்கும். ச-வில் தொடங்குங்கள், மேலே கடைசிச் சுரம் வரை போங்கள், திரும்பி மிகக் கீழ்ச் சுரம் வரை இறங்குங்கள், மறுபடி ச-வுக்கு ஏறி நிறுத்துங்கள். ச-வைத் தொடும்போதெல்லாம் வாயால் "ச" என்று சொல்லுங்கள். திறந்த ஐந்தாம் கம்பியை நடுநடுவே கட்டைவிரலால் மீட்டிச் சுருதியாக ஒலிக்கவிடுங்கள், அல்லது கைப்பேசியில் தம்புரா செயலியை ஏ-யில் வையுங்கள்.

படி 4: இரண்டு வடிவங்களுக்கு நடுவே ஒரு கம்பி

இணைப்பு வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஐந்தையும் ஒரே நாளில் இணைக்கப் பார்க்காதீர்கள். முதல், இரண்டாம் வடிவங்களை மட்டும் எடுங்கள்.

ஆறாம் கம்பியிலிருந்து முதல் வடிவத்தில் ஏறுங்கள்: 5-8, 5-7, 5-7. மூன்றாம் கம்பிக்கு வந்ததும் 5, 7 வாசித்துவிட்டு, 7-இல் இருக்கும் மோதிர விரலை எடுக்காமல் 9-க்குச் சறுக்குங்கள். கை இப்போது இரண்டாம் வடிவத்துக்குள் வந்துவிட்டது. இரண்டாம் கம்பியில் 8-க்கு நடுவிரல், 10-க்குச் சுண்டுவிரல். ஒன்றாம் கம்பியிலும் அப்படியே. இறங்கும்போது ஒன்றாம் கம்பி 10, 8, இரண்டாம் கம்பி 10, பிறகு 8-ஐ ஆள்காட்டி விரலால் பிடித்து அதே விரலை 5-க்குச் சறுக்குங்கள். முதல் வடிவத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். மூன்றாம் கம்பி 7, 5 என்று இறங்கி, நான்காம் கம்பி 7-இல், ச-வில் நிறுத்துங்கள்.

ஏறும்போது மோதிர விரல் சறுக்கும், இறங்கும்போது ஆள்காட்டி விரல் சறுக்கும். இதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும், கைக்குக் குழப்பம் வராது. சில இடங்களில் சுண்டுவிரல் தேவைப்படும், ஆறாம் கம்பியில் 8-லிருந்து 10-க்குப் போவது போல. அதைக் கையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அடுத்த நாள் கடக்கும் கம்பியை மாற்றுங்கள். நான்காம் கம்பியில் 5-7-10 என்று கடந்து பாருங்கள், ஐந்தாம் கம்பியில் 5-7-10, இரண்டாம் கம்பியில் 5-8-10. ஆறு கம்பிகளிலும் கடக்கத் தெரிந்த பிறகுதான் அந்த இரண்டு வடிவங்களும் உண்மையில் இணைந்தன என்று சொல்லலாம். ஒரே கம்பியில் மட்டும் கடக்கப் பழகினால் வாசிக்கும்போது அந்தக் கம்பி வரும்வரை காத்திருக்க நேரிடும்; பாட்டு அதற்காக நிற்காது.

பிறகு இதையே ஐந்தாம் வடிவத்துக்கும் முதல் வடிவத்துக்கும் நடுவே செய்யுங்கள். இது எளிது, ஏனென்றால் பொது வரிசை ஆறு கம்பிகளிலும் 5-ஆவது ஃபிரெட். அதன் பின் இரண்டிலிருந்து மூன்று, கடைசியாக நான்கிலிருந்து ஐந்து.

படி 5: சாய்ந்த பாதை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஐந்தாம், முதல், இரண்டாம், மூன்றாம் வடிவங்களை ஒரே ஓட்டத்தில் குறுக்கே வெட்டிப் போகும் பாதை:

ஆறாம் கம்பி: 3, 5
ஐந்தாம் கம்பி: 3, 5, 7
நான்காம் கம்பி: 5, 7
மூன்றாம் கம்பி: 5, 7, 9
இரண்டாம் கம்பி: 8, 10
ஒன்றாம் கம்பி: 8, 10, 12

ஒரு கம்பியில் இரண்டு சுரம், அடுத்ததில் மூன்று, மறுபடி இரண்டு, மூன்று. அதே கை அமைப்பு மூன்று முறை வருகிறது. நான்காம் கம்பிக்குப் போகும்போது இரண்டு ஃபிரெட் நகர்கிறது, இரண்டாம் கம்பிக்குப் போகும்போது மூன்று. அந்த ஒரு ஃபிரெட் கூடுதல் ஏன் என்றால், மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் உள்ள சுருதி இடைவெளி மற்றக் கம்பிகளுக்கு இடையே இருப்பதைவிட அரைச் சுரம் குறைவு. ஆள்காட்டி விரல், மோதிர விரல் இரண்டு மட்டும் போதும்; மூன்று சுரம் வரும் கம்பிகளில் மோதிர விரல் கடைசிச் சுரத்துக்குச் சறுக்கும்.

ச எங்கே என்று பாருங்கள்: ஆறாம் கம்பி 5, நான்காம் கம்பி 7, இரண்டாம் கம்பி 10. மூன்றுமே இரண்டு சுரம் உள்ள கம்பிகளில், மோதிர விரலுக்கு அடியில். ஆகவே இந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் ச தவறாது.

இதை மூன்று காலத்தில் வாசியுங்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டு கொடுக்கும் கருவி அல்லது செயலி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மூன்றாம் காலம் தடுமாறினால் மெட்ரோனோமை 50-க்கு இறக்குங்கள். முதல் காலம்தான் உண்மையில் கடினம். மெதுவாக வாசிக்கும்போது சறுக்கல் சரியான நேரத்தில் போய்ச் சேர்கிறதா, விரல் எடுக்கும்போது ஒலி அறுந்துபோகிறதா என்பது எல்லாம் வெளியே தெரியும்.

நேராக ஏறி இறங்குவது அலுத்ததும் ஜண்டை வரிசை போல ஒவ்வொரு சுரத்தையும் இரட்டிப்பாக வாசியுங்கள்: சச கக மம பப. பிறகு மூன்று மூன்றாக: சகம, கமப, மபநி, பநிச. பாட்டுப் பழகியவர்களுக்கு இந்த அடுக்குகள் ஏற்கெனவே நாக்கில் இருக்கும், விரலுக்கு மாற்றினால் போதும். ஸ்கேல் வாசிப்பது போலக் கேட்காமல் இசை போலக் கேட்கத் தொடங்குவது இந்த அடுக்குகளில்தான்.

படி 6: ச-வை நகர்த்துவது

விரல் அமைப்பு எதையும் மாற்றாமல் அதே ஐந்து சுரங்களில் ச-வை மட்டும் மாற்றிப் பாருங்கள். நம் இசையில் கிரக பேதம் என்பது இதுதான். ஏ-யை ச-வாக வைத்தால் சுத்த தன்யாசி. சி-யை வைத்தால் மோகனம். டி-யில் மத்தியமாவதி, இ-யில் இந்தோளம், ஜி-யில் சுத்த சாவேரி. கிட்டார் புத்தகங்கள் ஐந்து வடிவங்கள் என்று சொல்வதற்குள் ஐந்து ராகங்களின் சுரவரிசைகள் இருக்கின்றன. ராகம் என்றால் கமகமும் பிடிப்பும் சேர்ந்தது, சுரவரிசை மட்டும் ராகமாகிவிடாது. ஆனாலும் காதைப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதில் கிட்டார் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. திறந்த கம்பிகள் இ, ஏ, டி, ஜி, பி, இ. இவற்றில் பி ஒன்றுதான் நம் ஐந்து சுரங்களுக்கு வெளியே. ஆகவே ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டிக்கொண்டு மேல் கம்பிகளில் வாசித்தால் சுத்த தன்யாசி. நான்காம் கம்பியை மீட்டினால் மத்தியமாவதி. ஆறாம் கம்பியை மீட்டினால் இந்தோளம். மூன்றாம் கம்பியை மீட்டிக்கொண்டு முதல் இரண்டு கம்பிகளில் வாசித்தால் சுத்த சாவேரி. மோகனத்துக்கு மட்டும் சி திறந்த கம்பியாக இல்லை, தம்புரா செயலியை சி-யில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலைக்கு ஒரு சுருதி என்று எடுத்து, எந்த வடிவத்தில் இருந்தாலும் அந்த ச-வில் வந்து நிற்கப் பழகுங்கள்.

கோயில் பாடல்கள் பல மேஜர் ஸ்கேலில், அதாவது மோகனத்தின் ஐந்து சுரங்களும் அடங்கிய வரிசையில், இருப்பதால் மோகனத்துக்குக் கூடுதல் நாட்கள் கொடுங்கள். படி 5-இல் பார்த்த சாய்ந்த பாதையை சி-யிலிருந்து, அதாவது ஐந்தாம் கம்பி 3-லிருந்து தொடங்கிப் பாருங்கள். ஐந்தாம் கம்பியில் ச ரி க, நான்காம் கம்பியில் ப த, மூன்றாம் கம்பியில் ச ரி க, இரண்டாம் கம்பியில் ப த, ஒன்றாம் கம்பியில் ச ரி க. மோகனம் அப்படியே கையில் வந்து உட்கார்கிறது. இம்முறை ச ஆள்காட்டி விரலுக்கு அடியில்.

படி 7: கார்டுக்கு மேல் வாசிப்பது

நண்பர் ஒருவரை சி, ஏ மைனர், எஃப், ஜி என்று சுற்றிச் சுற்றி வாசிக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் நீங்களே வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து ஓடவிடுங்கள். கார்டு மாறும் அந்தத் தட்டில் எந்தச் சுரத்தில் நிற்கிறீர்கள் என்பதில்தான் கவனம். சி வரும்போது சி, இ, ஜி மூன்றும் பொருந்தும். ஏ மைனருக்கு ஏ, சி, இ. எஃப் வரும்போது ஏ அல்லது சி. ஜி வரும்போது ஜி அல்லது டி. நடுவில் எந்தச் சுரத்தையும் தொடலாம், ஐந்தில் எதுவும் காதைக் குத்தாது. வந்து நிற்கும் இடம் மட்டும் சரியாக இருக்கட்டும்.

முதல் சுற்றை ஒரே வடிவத்தில் வாசியுங்கள். அடுத்த சுற்றில் ஜி கார்டு வரும்போதெல்லாம் ஒரு வடிவம் மேலே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த சுற்றில் இறங்குங்கள். இப்படி ஒரு கட்டாயம் இல்லாவிட்டால் கை பழைய பெட்டிக்கே போகும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடலின் பல்லவி முதல் வரியை எடுத்து, முதலில் பாடி, முதல் வடிவத்தில் வாசியுங்கள். அதே வரியை இரண்டாம் வடிவத்தில், பிறகு ஐந்தாம் வடிவத்தில் தேடுங்கள். ஒரே மெட்டை மூன்று இடத்தில் கண்டுபிடித்தவருக்கு அந்த மூன்று வடிவங்களும் ஒருபோதும் மறக்காது. ஐந்து சுரத்துக்குள் அடங்காத சுரம் மெட்டில் வந்தால் விட்டுவிடாதீர்கள், அதையும் சேர்த்து வாசியுங்கள், வடிவம் பாட்டுக்காகத்தான்.

சுருதி மாறும்போது

குழுவில் பாடுகிறவர்களின் குரலுக்கேற்பச் சுருதி மாறும். சி-யில் இருந்த பாட்டை டி-யில் பாடினால் எல்லாவற்றையும் இரண்டு ஃபிரெட் மேலே தள்ளுங்கள். முதல் வடிவம் 7-இல் தொடங்கும். ஜி-யில் பாடினால் ஐந்து ஃபிரெட் கீழே: முதல் வடிவம் திறந்த கம்பிகளில் வரும், அதில் ச, அதாவது ஜி, இருப்பது ஆறாம் கம்பி 3-இலும் ஒன்றாம் கம்பி 3-இலும் திறந்த மூன்றாம் கம்பியிலும். கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு வாசிக்கிறவர்கள் கேப்போ இருக்கும் ஃபிரெட்டை 0 என்று எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் பிடிக்கும் கார்டு வடிவம் சி என்றால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் அப்படியே பொருந்தும். மூன்றாவது ஃபிரெட்டுக்கு மேல் கேப்போ போனால் மூன்றாம் வடிவம் அக்குஸ்டிக்கில் கைக்கு எட்டாது. அப்போது நான்கு, ஐந்து, ஒன்று, இரண்டு ஆகிய நான்கிலேயே சுற்றி வாருங்கள்; ஒரு பாட்டின் இடையிசைக்கு அவை தாராளமாகப் போதும்.